குறட்டை நின்றுவிட்டது, பகல் தூக்கம் மட்டும் போகவில்லை. வாய்க்கருவி போடுபவர்கள் கொஞ்சம் வரவும்

அரைத்தூக்கம்:
வணக்கம். நாலு வருஷமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 44. ஒன்றரை வருஷத்துக்கு முன் தூக்கப் பரிசோதனையில் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் கோளாறு என்று வந்தது. ஏஎச்ஐ, அதாவது மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுகிறது என்ற கணக்கு, 27. முகமூடி வழியாகக் காற்று ஊதும் சிபாப் மெஷின் வாங்கி மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். தூக்கத்திலேயே முகமூடியைக் கழற்றி எறிந்துவிடுகிறேன். காலையில் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும், மெஷின் தன்பாட்டுக்குத் தரைக்குக் காற்று ஊதிக்கொண்டிருக்கும். போதும் என்று ஒரு பல் மருத்துவரிடம் போய், கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைக்கும் கருவி செய்துகொண்டேன். மேல் பல்லுக்கு ஒன்று, கீழ்ப் பல்லுக்கு ஒன்று, இரண்டு பக்கமும் சின்னத் திருகு. வாரம் ஒரு திருப்பு, ஒவ்வொன்றும் கால் மி.மீ., குறட்டை நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். நாலாவது திருப்பில் நின்றுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்குத்தான் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் கண் தானாகச் சொருகுகிறது. போன வாரம் சிக்னலில் நிற்கும்போது பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். குறட்டை போனபின்னும் ஏன் இப்படி?

சிபாப்காரன்:
முதல் காரியம், இது தெளிகிற வரை வண்டி ஓட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது, கருவியை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி தூக்கப் பரிசோதனை செய்தீர்களா?

அரைத்தூக்கம்:
இல்லை. யாரும் சொல்லவில்லை. குறட்டைதான் நின்றுவிட்டதே என்று நானும் கேட்கவில்லை.

இரவுப்பணி:
இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள். நான் தூக்க ஆய்வகத்தில் ராத்திரி வேலை பார்ப்பவன், பதிவுகளை உட்கார்ந்து எண்ணுவதுதான் தொழில்.

குறட்டை என்பது ஒடுங்கிப்போன வழியில் காற்று நுழையும்போது சதை அதிர்கிற சத்தம். வழி முழுசாக மூடிக்கொண்டால் சத்தம் ஏது? திரையில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். மூச்சுக்காற்றின் கோடு அலை அலையாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று தட்டையாகிவிடும். ஆனால் நெஞ்சுப் பட்டையும் வயிற்றுப் பட்டையும் ஓயாமல் அசையும், அதுவும் எதிரும் புதிருமாக. நெஞ்சு ஏறும்போது வயிறு இறங்கும். ஆள் மூச்சு விட முயற்சி செய்கிறார், காற்றுதான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆக்சிஜன் கோடு சரியும். விரலில் மாட்டிய கருவிக்குச் செய்தி தாமதமாகத்தான் வந்து சேரும், அதனால் இந்தச் சரிவு எப்போதும் பின்தங்கியே வரும். அப்புறம் ஒரு பெரிய உறுமல், காலில் ஒரு உதறல், நாடித்துடிப்பு எகிறும், மூளை அலை மூன்று விநாடிக்கு விழிப்பைக் காட்டும். காலையில் கேட்டால் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் அதை ஒன்று என்று எண்ணுவோம். முழுசாக மூடினாலும், கணிசமாகக் குறைந்து ஆக்சிஜன் விழுந்தாலும் தூக்கம் கலைந்தாலும் கணக்கில் வரும். மணிக்கு எத்தனை என்பதுதான் ஏஎச்ஐ. 5 முதல் 15க்குள் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. உங்கள் 27 கிட்டத்தட்ட இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று.

வாய்க்கருவி போட்டதும் அதிர்கிற சதை கொஞ்சம் இறுகிவிடும், சத்தம் போய்விடும். அடைப்பு அதே அளவு குறைந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. காதை நம்பித் திருகை நிறுத்தியதுதான் தப்பு.

சுடுதண்ணி:
இவ்வளவு பெரிய விஷயமா? நான் ஆன்லைனில் ஒரு தட்டு வாங்கினேன். வெந்நீரில் போட்டு, இளகியதும் கடித்தால் நம் பல்லின் அச்சு விழுந்துவிடும். ஒரே ராத்திரியில் குறட்டை காலி. பல் டாக்டர், அச்சு, திருகு, இத்தனை செலவு எதற்கு?

கடைவாய்:
நண்பரே, உங்களுக்கு வெறும் குறட்டை மட்டும்தான் என்று எந்தப் பரிசோதனையில் தெரிந்தது?

நான் பல் மருத்துவர். இந்தக் கருவிகளைப் பல வருஷமாகச் செய்கிறேன். அதனால் என் பேச்சில் தொழில் பாசம் இருக்கலாம், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். ஆனால் ஒன்றை நாங்களே ஒப்புக்கொள்ள வேண்டும்: ஆப்னியா இருக்கிறதா, எந்த வகை என்று முடிவு செய்வது எங்கள் வேலை கிடையாது. வாயைத் திறந்தால் சந்தேகம் வரும். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த வரிவரியான தடம், தேய்ந்துபோன பற்கள், பின்னால் தள்ளிய சின்னத் தாடை, தொண்டையே தெரியாதபடி தொங்கும் அண்ணம், இதெல்லாம் பார்த்தால் தூக்க மருத்துவரிடம் அனுப்புவோம். மூளையே மூச்சுவிடச் சொல்ல மறந்துபோகிற ஆப்னியா ஒன்று இருக்கிறது. அதற்குத் தாடையை ஒரு முழம் இழுத்தாலும் பலன் இல்லை.

வெந்நீர்த் தட்டைப் பற்றி. அது பல்லைச் சரியாகக் கவ்வாது, ராத்திரியில் கழன்றுவிடும், கனமாக இருக்கும், முக்கியமாக மி.மீ. கணக்கில் நகர்த்த முடியாது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பும் அங்கேயுள்ள தூக்கப் பல் மருத்துவ அமைப்பும் சேர்ந்து 2015ல் வெளியிட்ட வழிகாட்டி, அளவெடுத்துச் செய்த, நகர்த்தக்கூடிய கருவியைத்தான் பரிந்துரைக்கிறது. கருவி பொருந்தியபின் மறுபரிசோதனை செய்து பலனை உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் அதே வழிகாட்டியில் இருக்கிறது. அரைத்தூக்கம் சாருக்கு நடந்தது, கடைசிப் படியை விட்டுவிட்டு மாடி ஏறியாயிற்று என்று சொன்ன கதை.

அரைத்தூக்கம்:
டாக்டர், தாடையை முன்னால் இழுத்தால் தொண்டை ஏன் திறக்கிறது? நாக்கு பின்னால் விழாமல் தடுக்கிறது, அவ்வளவுதானா?

கடைவாய்:
நாக்கின் பெரிய தசை கீழ்த்தாடையின் உட்பக்கம், முகவாய்க்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. தாடை வந்தால் நாக்கின் அடியும் கூட வரும். 1923லேயே பியர் ரோபின் என்ற பிரெஞ்சு மருத்துவர், நாக்கின் அடி பின்னால் சரிவதுதான் மூச்சுத் தொல்லை என்று எழுதிவிட்டார். சின்னத் தாடையோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்து அவர் சொன்னது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கருவி போட்டு ஸ்கேன் எடுத்தால், அண்ணத்துக்குப் பின்னால் உள்ள இடம் முன்பின்னாகத் திறப்பதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் விரிகிறது. தாடைக்கும் தொண்டையின் பக்கச் சுவருக்கும் அண்ணத்துக்கும் இடையே சதைத் தொடர்பு இருப்பதால், ஒன்றை இழுத்தால் மற்றதும் விறைக்கும். அந்தத் தொடர்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. பலன் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். தோராயமாகச் சொன்னால் மூன்றில் ஒருவருக்கு முழுப் பலன், ஒருவருக்குப் பாதி, ஒருவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் எந்தப் பங்கு என்பதை மறுபரிசோதனைதான் சொல்லும்.

உங்கள் தாடை மொத்தம் எவ்வளவு நகர்கிறது, எங்கே நிற்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்களா?

அரைத்தூக்கம்:
இருக்கிறது. முழுசாகப் பின்னால் போய் முழுசாக முன்னால் வந்தால் 11 மி.மீ. பாதியில், அதாவது ஐந்தரையில் ஆரம்பித்து, நாலு திருப்பில் ஆறரை.

கடைவாய்:
அப்படியென்றால் அறுபது சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். இன்னும் இடம் இருக்கிறது. எழுபத்தைந்தைத் தாண்டினால் தாடை வலிதான் கூடும், பலன் அந்த அளவுக்குக் கூடாது. நீங்களாகத் திருகாதீர்கள். முதலில் பரிசோதனை.

சிபாப்காரன்:
நானும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கட்சி மாறச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஏஎச்ஐயைக் குறைப்பதில் மெஷினை அடிக்க வேறு கருவி கிடையாது. கொலின் சல்லிவன் ஆஸ்திரேலியாவில் 1981ல் அதை அறிவித்த நாளிலிருந்து இன்றுவரை அப்படித்தான். என் ஏஎச்ஐ 52, மெஷினில் 2. கடுமையான ஆப்னியா உள்ளவர்கள் ‘முகமூடி அசிங்கமாக இருக்கிறது’ என்பதற்காக மட்டும் வாய்க்கருவிக்குப் போகக் கூடாது.

மூன்று மாதத்தில் விட்டது அவசரமோ என்று தோன்றுகிறது. மூக்கு மட்டும் மூடுகிற சின்ன முகமூடி பார்த்தீர்களா? ஈரப்பதத்தைக் கூட்டினீர்களா?

இரவுப்பணி:
சிபாப்காரன் சொல்வது சரி, ஆனால் மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கருவி குறைவாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் ஆட்கள் அதை அதிக மணி நேரம் போட்டுக்கொள்கிறார்கள். மெஷினை ராத்திரி மூன்று மணிக்குக் கழற்றிவிட்டால், விடியற்காலைக் கனவுத் தூக்கம் முழுக்கப் பாதுகாப்பே இல்லாமல் போகிறது. பலருக்கு ஆப்னியா உக்கிரமாக இருப்பதே அப்போதுதான். 2013ல் ஆஸ்திரேலியாவில் இரண்டையும் ஒரே ஆட்களுக்கு ஒரு மாதம் ஒரு மாதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எண்ணில் மெஷின்தான் ஜெயித்தது. பகல் தூக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றில் கருவி பின்தங்கவில்லை.

பக்கத்து_தலையணை:
தூங்குகிறவர்கள் எல்லோரும் பேசிவிட்டீர்கள், தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தவள் நான் பேசுகிறேன்.

என் கணவர் ஒன்பது வருஷமாகக் கருவி போடுகிறார். எங்களுக்கும் மறுபரிசோதனை செய்தார்கள், நல்ல பலன். ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: கடி மாறிவிடும். இவருக்கு மேல் முன்பல் கீழ்ப் பல்லை நன்றாக மூடியிருந்தது. இப்போது முனையோடு முனை வந்து நிற்கிறது. கடைவாய்ப் பல் ஒருபக்கம் சேரவில்லை. மெல்லிய காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொன்னால் உருவிக்கொண்டு வருகிறது. ஏழாவது வருஷம்தான் கவனித்தோம். மெதுவாக நடப்பதால் அவருக்கே தெரியவில்லை, பழைய போட்டோவைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

காலையில் கருவியைக் கழற்றியதும் கடிப்பதற்கு ஒரு சின்னத் தட்டு கொடுத்திருந்தார்கள், பழைய கடிக்குத் தாடையைத் திருப்ப. இவர் அதை முதல் மாதத்தோடு டிராயரில் போட்டுவிட்டார். செய்திருந்தால் முழுசாகத் தடுத்திருக்குமோ என்னவோ, குறைந்திருக்கும் என்கிறார்கள். இன்று ‘பல்லா மூச்சா?’ என்று கேட்டால் மூச்சு என்றுதான் சொல்வார். நானும் அதேதான். ஆனால் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைவாய்:
நூற்றுக்கு நூறு. கருவி பல்லைப் பிடித்துத்தான் தாடையை இழுக்கிறது, அந்த விசை ராத்திரி முழுக்கப் பல்லின் மேல்தான் விழுகிறது. மேல் பல் உள்ளே சாயும், கீழ்ப் பல் வெளியே சாயும். ஆரம்பிக்கும் முன்பே பல் அச்சும் போட்டோவும் எடுத்து வைக்க வேண்டும், வருஷம் ஒருமுறையாவது ஒப்பிட வேண்டும். ஈறு நோயால் பல் ஆடுகிறவர்களுக்கு இதனாலேயே முதலில் ஈறு வைத்தியம்தான். பிடிமானத்துக்கு ஒவ்வொரு வரிசையிலும் எட்டுப் பல்லாவது உறுதியாக இருந்தால் நல்லது.

ஆரம்பத்து எச்சில் வழிதல், காலையில் பல் கூச்சம், தாடைப் பிடிப்பு, இதெல்லாம் பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கிவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பராமரிப்பையும் சொல்லிவிடுகிறேன், கேட்காமலே. வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். டூத்பேஸ்ட் கூடாது, கீறல் விழுந்து நாறும். மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்பு, பச்சைத் தண்ணீர். நாய் வளர்ப்பவர்கள் கட்டாயம் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். எச்சில் வாசனைக்கு அது தேடி வந்து கடிக்கும். நான் மறுபடி செய்து கொடுத்த கருவிகளில் நாய்களின் பங்கு கணிசம்.

பொக்கைவாய்:
தம்பிகளே, எட்டுப் பல் வேண்டும் என்கிறீர்கள், எனக்கு எட்டும் இல்லை நாலும் இல்லை. மேலும் கீழும் பல் செட்தான். எங்களுக்கு வழி?

கடைவாய்:
ஐயா, வழி இருக்கிறது. நாக்கை மட்டும் பிடித்து முன்னால் வைக்கும் கருவி ஒன்று உண்டு. முன்னால் ஒரு மென்மையான குமிழ், அதற்குள் நாக்கை விட்டால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். 1982லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. பல் தேவையில்லை. ஆனால் நாக்கு நுனி புண்ணாகும், பழகுவது தாடைக் கருவியைவிடக் கஷ்டம், பாதியில் விடுபவர்கள் அதிகம். கீழே இரண்டு நாலு இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைத்து அதில் தாடைக் கருவியை மாட்டுவதும் உண்டு. உங்களுக்குக் கடுமையான ஆப்னியா என்றால் நான் மெஷினைத்தான் முதலில் சொல்வேன்.

ராத்திரி_நறநற:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்குப் பல் நறநறவென்று கடிக்கும் பழக்கம். மேல் பல்லுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் தட்டு கொடுத்திருக்கிறார்கள். குறட்டையும் உண்டு. அதுவே குறட்டைக்கும் போதுமா?

கடைவாய்:
போதாது. அது பல் தேயாமல் காப்பாற்றும், அவ்வளவுதான். ஆப்னியா உள்ள சிலருக்கு அந்தத் தட்டு மூச்சை இன்னும் மோசமாக்கியிருக்கிறது; வாய் சற்றுத் திறந்து தாடை பின்னால் சுழன்றுவிடும், நாக்குக்கும் இடம் குறையும். குறட்டை இருந்தால் முதலில் பரிசோதனை, அப்புறம் தட்டு.

தாடைவிரிப்பு:
கடைவாய் டாக்டரிடம் ஒரு கேள்வி, கொஞ்சம் புலம்பலும். அறுவை இல்லாமலே பெரியவர்களின் தாடையை ‘வளர்த்து’ ஆப்னியாவைக் குணப்படுத்துகிறோம் என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். அண்ணத்தில் ஒரு கம்பி மாதிரி, நடுவில் திருகு. பதினான்கு மாதம் போட்டேன். முன்பற்கள் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டன, இரண்டில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது. எலும்பு வளரவில்லை, பல் சாய்ந்திருக்கிறது என்று வேறொரு மருத்துவர் ஸ்கேன் பார்த்துச் சொன்னார். ஏஎச்ஐ 22, இப்போதும் 22.

கடைவாய்:
படிக்கவே வருத்தமாக இருக்கிறது. குழந்தைகளுக்கு அண்ணத்தின் நடு மூட்டு இன்னும் இறுகியிருக்காது, அதனால் திருகு போட்டால் எலும்பே விரியும். குறுகிய அண்ணம் உள்ள சில குழந்தைகளுக்கு அதனால் மூச்சும் சீராகும். பெரியவர்களுக்கு அந்த மூட்டு இறுகிவிடும். பல்லைத் தள்ளினால் பல்தான் நகரும். எலும்பில் நேரடியாகத் திருகாணி இறக்கி விரிக்கும் முறை இருக்கிறது, அறுவையோடு செய்வதும் இருக்கிறது, அது வேறு கணக்கு. வெறும் கம்பியால் பெரியவரின் மேல்தாடை முன்னோக்கி வளரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

குழந்தைகள் பேச்சு வந்ததால் ஒன்று. குறட்டை விடும் குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது டான்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டும். காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் முதல் கதவு.

இருதாடை:
அறுவை செய்துகொண்டவன் நான். மேல்தாடை கீழ்த்தாடை இரண்டையும் அறுத்து முன்னால் நகர்த்திப் பிளேட் போட்டார்கள், 10 மி.மீ. ஏஎச்ஐ 61லிருந்து 4. கேட்க ஜோராக இருக்கும். ஆறு வாரம் மெல்லாமல் விழுங்கும் ஆகாரம், கீழுதடும் முகவாயும் இன்றுவரை பாதி மரத்துத்தான் இருக்கிறது, கண்ணாடியில் தெரிகிற முகம் பழகவே ஒரு வருஷம் ஆனது. எனக்கு மெஷினும் ஒத்துவரவில்லை, கருவியும் போதவில்லை, அதனால் வருத்தமில்லை. 27 எண்ணுக்கு இதை முதலில் நினைக்காதீர்கள்.

அரைத்தூக்கம்:
(ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. பல் மருத்துவரிடம் போய் நேராகக் கேட்டேன். கொஞ்சம் சங்கடப்பட்டார், ஆனால் தூக்க மருத்துவருக்கு அன்றே கடிதம் எழுதிக் கொடுத்தார். கருவியோடு பரிசோதனை ஆனது. ஏஎச்ஐ 17. மல்லாந்து படுத்தால் 31, பக்கவாட்டில் 6. குறட்டை என்ற இடத்தில் ‘அரிதாக’ என்று போட்டிருக்கிறது! அதாவது சத்தமில்லாமல் மூச்சு முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரவுப்பணி:
அந்த 31க்கும் 6க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், உங்களுக்கு நல்ல செய்தியே அதுதான். மல்லாந்தால் நாக்கும் அண்ணமும் தம் எடைக்கே பின்னால் விழும். கருவியோடு சேர்த்து, மல்லாந்தால் அதிர்ந்து எழுப்பும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். முதுகுப் பக்கம் பந்து தைத்த பனியனும் அதே தத்துவம்தான், ஆனால் தூக்கத்தோடு பனியனைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். உங்கள் முகமூடி வரலாற்றைப் பார்த்தால் பட்டைதான் சரி.

சிபாப்காரன்:
எடை எப்படி? கழுத்துச் சுற்றளவு? எடை கூடுதலாக இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். உடல் பருமனோடு நடுத்தர, கடுமையான ஆப்னியா உள்ளவர்களுக்கு டிர்செபடைட் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி கொடுத்தார்கள். நாக்குக்கும் கொழுப்பு சேரும் என்பது பலருக்குத் தெரியாது.

அரைத்தூக்கம்:
எடை பெரிதாக இல்லை. தாடைதான் சின்னது, அப்பாவின் தாடை. பட்டை வாங்கியாயிற்று. இன்னும் ஐந்து திருப்பு, வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதோடு 7.75 மி.மீ. வரும்.

தூக்கம்வராதவன்:
டிஜெரிடூ என்ற ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் ஊதுகுழலைத் தினமும் ஊதினால் ஆப்னியா குறையும் என்று 2006ல் ஓர் ஆய்வு உண்மையிலேயே வந்தது. தொண்டைத் தசைக்குப் பயிற்சியாம். யாராவது ஊதிப் பார்த்தீர்களா?

பக்கத்து_தலையணை:
ராத்திரிச் சத்தத்தைப் பகலுக்கு மாற்றும் யோசனை. எங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

அரைத்தூக்கம்:
(மூன்று மாதம் கழித்து)

கடைசி நிலவரம் சொல்லிவிடுகிறேன். நாலாவது திருப்பில் இடது காதுக்கு முன்னால் தாடை மூட்டு வலித்தது. ஒரு திருப்பு பின்னால் போய், இரண்டு வாரம் பொறுத்து மறுபடி முன்னால் வந்தோம். இப்போது வலி இல்லை. நேற்று மூன்றாவது பரிசோதனையின் முடிவு வந்தது. கருவி, பட்டை இரண்டும் சேர்த்து ஏஎச்ஐ 7.

பகல் தூக்கத்துக்கு எட்டுக் கேள்வித் தாள் ஒன்று கொடுப்பார்களே, எப்வொர்த், அதில் முன்பு 24க்கு 16 வாங்கியிருந்தேன். பத்துக்கு மேல் போனால் அதிகம் என்பார்கள். இப்போது 6. தூக்க மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் சாவியை எடுத்தேன்.

காலையில் சின்னத் தட்டைக் கடித்துக்கொண்டு பதினைந்து நிமிஷம் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்து_தலையணை மேடம் எழுதியதைப் படித்த பயம். டிராயரில் போடவில்லை. முன்பல் போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பக்கத்து_தலையணை:
தேதி போட்டு வையுங்கள். எங்கள் வீட்டுப் போட்டோவில் அதுதான் இல்லை.